மலையிலிருந்து மணக்குடி வரை

கன்னியாகுமரிக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால், அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சூரியோதயம் பார்த்திருப்பார். மேகம் மறைத்துவிட்டால், சூரியோதயத்துக்காகக் காத்து நின்ற ஜனக் கூட்டத்தையாவது பார்த்திருப்பார். குமரி அம்மனைத் தரிசித்திருப்பார். படகில் ஏறி, 1970-ல் எழும்பிய விவேகானந்தர் மண்டபத்தையும், 2000-ம் ஆண்டில் எழும்பிய 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் கண்டிருப்பார். வரும் வழியில் சங்கும் சோழியும் பல வர்ண மணலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்.

இவற்றில் எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வளவு நேரமும் அவருடைய முகம் தெற்கு நோக்கியே இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவர் கண்டதெல்லாம் உப்பு நீர். சற்றே திரும்பி வடக்கு முகமாக நின்றிருந்தால், நீல மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்பதைக் கண்டிருப்பார். அந்த மலைகளிலிருந்து புறப்பட்டு, அருவியாய் விழுந்து, ஏரியாய்த் தேங்கி, சுனையாய் ஊறி, வாய்க்காலாய் ஓடி, குளங்களாய் நிறைந்து வருகின்ற நன்னீர்தான் இந்தப் பிரதேசத்தின் உண்மையான செல்வம். அந்த நீரின் வழியே, மலையில் தொடங்கிக் கடலில் முடியும்படி ஒரு யாத்திரை செய்து பார்ப்பது என்று நானும் என் நண்பரும் தீர்மானித்தோம்.

நண்பர் கணக்கு வாத்தியார். நான் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுப்பவன். இருவரும் காவேரிக் கரைக்காரர்கள்; ஆகையால், தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் இருவருக்கும் உண்டு. காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், புரட்டாசிக் கடைசியில், நாகர்கோவிலில் போய் இறங்கினோம்.

ஏர் பூண்ட நாடு

இந்தச் சிறிய மாவட்டத்துக்கு இவ்வளவு நீர்வளம் எப்படி வந்தது? தேசப்படத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓடி வந்து முடிகிற இடம் இது. மலைக்கும் கடலுக்கும் நடுவே அகலம் மிகக் குறைவு. காலையில் காட்டுக்குள் காபி குடித்தவர் மத்தியானம் கடற்கரையில் சாப்பிடலாம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக் காற்று மழை கொண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று மறுபடியும் மழை கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் ஒரு பருவ மழையை நம்பி வாழ, குமரி மாவட்டத்தாருக்கு இரண்டும் கிடைக்கின்றன. கன்னி மாதத்தில் அறுக்கும் பயிருக்குக் கன்னிப்பூ என்றும், கும்ப மாதத்தில் அறுக்கும் பயிருக்குக் கும்பப்பூ என்றும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நெற்பயிரைப் பூ என்று அழைக்கும் ஊரில் சோற்றுக்கு மரியாதை இருக்குமா, இராதா?

மாவட்டத்தின் கீழ்ப் பகுதிக்கு நாஞ்சில் நாடு என்று பெயர். நாஞ்சில் என்றால் கலப்பை. பல நூற்றாண்டுகளாகத் திருவிதாங்கூருக்குச் சோறு போட்டது இந்தக் கலப்பை நாடுதான். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, இங்குள்ள தமிழ் மக்களின் நெடுநாள் போராட்டத்தின் பயனாக, இது தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது.

பேச்சியின் பாறை

முதல் நாள் அதிகாலையில் பேச்சிப்பாறைக்குப் பஸ் ஏறினோம். குலசேகரம் தாண்டியதும் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள். ஒவ்வொரு மரமும் இடுப்பில் சிரட்டையைக் கட்டிக்கொண்டு, பால் சொட்டச் சொட்ட நிற்கிறது. பிறகு காடு நெருங்குகிறது, காற்று குளிர்கிறது. திடீரென்று மரங்கள் விலகி, கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு தெரிகிறது.

கோதையாற்றின் குறுக்கே இந்த அணையைக் கட்டத் தொடங்கியது 1897-ல், முடித்தது 1906-ல். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் மகாராஜா. கட்டி முடித்த எஞ்சினீயர் அலெக்ஸாண்டர் மிஞ்சின் என்னும் ஆங்கிலேயர். அவருடைய சமாதி அணைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றி நமக்கு எவ்வளவோ மனத்தாங்கல் உண்டு. ஆயினும், தாம் தேக்கிய நீரின் பக்கத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு மனிதருக்குக் கை கூப்புவதில் தேசபக்திக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது. அவரோடு ஒன்பது வருஷம் இந்தக் காட்டில் கல் உடைத்து மண் சுமந்த ஆயிரக்கணக்கான கூலி ஜனங்களின் பெயர்களை யார் அறிவார்? அவர்களுக்கும் சேர்த்தே கை கூப்பினோம்.

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பக்கத்துப் பள்ளத்தாக்கில், பரளியாற்றின் குறுக்கே 1950-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. மழைக் காலத்தில் நாகர்கோவில் டீக்கடைகளில் பத்திரிகையைப் பிரித்ததும் ஜனங்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான். மற்ற ஊர்களில் தங்கத்தின் விலையைப் பார்ப்பது போல இங்கே அணையின் அடியைப் பார்க்கிறார்கள்.

ஏரியின் அக்கரையில், காட்டுக்குள், காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. மலையின் பூர்வ குடிகள் அவர்களே. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் படகிலே வர வேண்டிய குடும்பங்கள் அவர்களில் உண்டு. பாடப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கிய இரண்டு சிறுமிகளைக் கண்டதும், வாத்தியார்களாகிய எங்களுக்கு ஏரியின் அழகு ஒரு கணம் மறந்து போயிற்று. சமவெளிக்குச் சோறு போட்ட நீர், மலைவாசிகளின் பாதையை இரண்டாகப் பிரித்து நிற்கிறது. எந்த ஏரியையும் பார்க்கும்போது, அதன் நன்மை யாருக்குப் போயிற்று, அதன் சிரமம் யாரிடம் தங்கிற்று என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐம்பதடி ஆனந்தம்

பேச்சிப்பாறைக்குக் கீழே கோதையாறு பாறை நிலத்தின் வழியாக இறங்கித் திற்பரப்புக்கு வருகிறது. குற்றாலத்தில் நீர் வானத்திலிருந்து விழுவது போலத் தோன்றும். திற்பரப்பில் அப்படி இல்லை. இங்கே ஒரு முழு ஆறே பாறை மீது நடந்து வந்து, படியில் கால் தவறியது போல, ஏறக்குறைய 50 அடி ஆழத்தில் விழுகிறது. அருவிக்கு மேலே ஆற்றின் படுகை கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே பாறை. அந்தப் பாறையின் தலைமாட்டில், வயல்களுக்கு நீர் பிரிப்பதற்காகச் சிறிய அணை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதில் தேங்கி நிற்கும் நீரில் படகு விடுகிறார்கள். இடக்கரையில் உறுதியான மதில் சூழ்ந்த மகாதேவர் கோயில் இருக்கிறது.

இந்தக் கோயிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. சிவராத்திரியின்போது குமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டம் நடைபெறுகிறது. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு என்று தொடங்கித் திருநட்டாலத்தில் அது முடிகிறது. ஓடுகிறவர்கள் போவது சிவன் கோயிலுக்கு, வாயில் ஒலிப்பதோ, "கோவிந்தா! கோபாலா!" சைவ வைணவச் சண்டைக்கு இதைவிட நல்ல சமாதானம் வேறு எங்கே கிடைக்கும்? வழி நெடுக ஆறும் குளமும் இருப்பதால், ஒவ்வொரு தலத்திலும் நீராடி, ஈர உடையுடன் அடுத்த தலத்துக்கு ஓடுகிறார்கள்.

அருவியில் நின்றோம். முதல் நிமிஷம் தலையில் யாரோ மத்தளம் வாசிப்பது போல இருந்தது. ஐந்தாவது நிமிஷம், குடும்பக் கவலை, பரீட்சைப் பேப்பர், பாங்கிக் கடன் எல்லாம் காது வழியாக வெளியேறிவிட்டன. பக்கத்தில் ஒரு கடை முதலாளி, அவருக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, அப்பால் ஒரு போலீஸ்காரர். எல்லார் தலையிலும் ஒரே நீர், ஒரே கனத்துடன் விழுந்தது.

வருஷத்தில் ஏறக்குறைய ஏழு மாதம் இங்கே நீர் விழும். ஆனி முதல் ஆவணி வரையிலும், ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் போவது உத்தமம். மலையில் கனமழை பெய்து அணையைத் திறந்துவிட்டால் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தத் தடையை மீறுவது வீரமல்ல. எண்ணெய், சீயக்காய், சோப்பு, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை ஆற்றில் விட்டுச் செல்கிறவர்கள், கீழே இருக்கிற ஊர்களும் இதே நீரைத்தான் நம்பியிருக்கின்றன என்பதை நினைக்க வேண்டும்.

மேலே ஓர் ஆறு, கீழே ஓர் ஆறு

திற்பரப்பைக் கடந்த கோதையாறும், பெருஞ்சாணியிலிருந்து வரும் பரளியாறும் திருவட்டாற்றைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஆறு வட்டமிட்டதால் வட்டாறு. பெருமாள் பள்ளிகொண்டதால் திருவட்டாறு. 2022-ல் குடமுழுக்குக் கண்ட ஆதிகேசவப் பெருமாள் கோயில் உயரமான மேட்டில் இருக்கிறது. படியேறி நின்று பார்த்தால், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த பெரியோரின் ரசனை புரிகிறது. இரண்டு ஆறுகளும் கூடியபின் குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயருடன் ஓடித் தேங்காய்ப்பட்டினத்தில் கடலை அடைகின்றன.

அருகில் இருக்கிறது மாத்தூர்த் தொட்டிப் பாலம். பரளியாறு பள்ளத்தில் ஓட, ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்கு 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டு செல்லும் பாலம் இது. காமராஜர் முதன் மந்திரியாக இருந்த காலத்தில் திட்டமிட்டு, 1966-ல் முடிந்த வேலை. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் மேட்டு நிலங்களுக்கு நீர் வேண்டும். நடுவிலே பள்ளத்தாக்கு குறுக்கிடுகிறது. 'அதற்கென்ன, பள்ளத்தாக்கைத் தாண்டினால் போகிறது!' என்று சுதந்திர பாரதத்தின் எஞ்சினீயர்கள் தூண்களை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 1200 அடி நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேல் நடந்தோம். பக்கத்துத் தொட்டியில் ஓர் ஆறு. காலுக்குக் கீழே அதல பாதாளத்தில் இன்னோர் ஆறு. கணக்கு வாத்தியார் தூண்களை எண்ணிக்கொண்டே வந்தார். பாதி தூரத்தில் கீழே குனிந்து பார்த்தவர், அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் சிதறால் மலைக்கு ஏறினோம். பாறைச் சுவரில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இது புகழ்பெற்ற சமணப் பள்ளி. பிற்காலத்தில் பகவதி கோயில். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது கோயிலுக்கு முன்னால், பாறைக் குழியில் கிடந்த சுனைதான். மலை உச்சியில், ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில், குளிர்ந்த நீர்! பாறை தன்மேல் விழுந்த மழையைக் கை குவித்து ஏந்தி, வெயில் காலத்துக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. துறவிகள் இந்த மலையைத் தேடி வந்ததற்குச் சுனையும் ஒரு காரணமாய் இருந்திருக்க வேண்டும். பசியை அடக்கியவர்களுக்கும் தாகம் உண்டு அல்லவா?

பாண்டியன் கால்

மறுநாள் எங்கள் பிரயாணம் கிழக்கே திரும்பியது. இதுவரையில் நாங்கள் பின்தொடர்ந்தது மேற்கே ஓடிக் கடலில் சேரும் நீர். ஆனால் பேச்சிப்பாறையில் தேங்கும் நீரின் ஒரு பகுதி அந்த வழியில் போவதில்லை. கால்வாய் வழியாக அது பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணிக்குக் கீழே உள்ள புத்தன் அணைக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கால் பத்மநாபபுரத்துப் பக்கம் போகிறது. மற்றொன்று பாண்டியன் கால். அது பரளியாற்றுப் பள்ளத்தாக்கை விட்டு மேட்டைக் கடந்து, நாஞ்சில் நாட்டின் பழையாற்றில் போய்க் கலக்கிறது.

பாண்டிய மன்னன் ஒருவன் பண்டைக் காலத்தில் பரளியாற்றை மறித்து இந்தக் காலை வெட்டினான் என்பது நாட்டு மரபு. அதாவது, ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றுக்குத் திருப்பும் வித்தையை நம் முன்னோர்கள் எஞ்சினீயரிங் கல்லூரிகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தார்கள். மிஞ்சின் துரையின் அணையும், 1950-களின் அணையும் அந்தப் பழைய வழியிலேயே தங்கள் நீரைச் சேர்த்துவிட்டன. மன்னர் ஆட்சி போயிற்று, திவான் ஆட்சி போயிற்று, மாநிலமே மாறிற்று. நீர் போகும் வழி மட்டும் மாறவில்லை.

பழையாறும் அதன் கிளை வாய்க்கால்களும் போகும் இடமெல்லாம் குளங்கள். வாய்க்கால்களைச் 'சானல்' என்றே இங்கே சொல்கிறார்கள். சானலிலிருந்து ஒரு குளம். அது நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளம். அதிலிருந்து மடை வழியாக வயல். வயலின் கழிவு நீர் அதற்கும் அடுத்த குளம். ஒரு சொட்டு நீர் கடலை அடைவதற்குள் எத்தனை முறை வேலை செய்கிறது! கோடையில் குளத்தின் வண்டலை வெட்டி வயலுக்குப் போடுவார்கள்; குளம் ஆழமாகும், வயல் கொழுக்கும். குளத்தில் நீர் இருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் நீர் இருக்கும். அருவியைக் கடவுள் படைத்தார். குளத்தை மனிதன் படைத்தான். இந்தக் குளங்கள் இல்லையென்றால், பெய்த மழை முழுவதும் ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும்.

தேரூர்க் குளக்கரையில்

நாகர்கோவிலிலிருந்து குமரிமுனைக்குப் போகும் சாலையில் சுசீந்திரம் குளமும், அதற்கு அப்பால் தேரூர்க் குளமும் இருக்கின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர் தேரூர். அவரும் எங்களைப் போலப் பள்ளி ஆசிரியர் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. காலை வெயிலில் குளக்கரையில் நடந்தோம். நீலத் தாழைக்கோழிகள் தாமரை இலை மீது நடந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி எங்களை வேவு பார்த்தது. கூழைக்கடாக்கள் கப்பற்படை போல அணிவகுத்துச் சென்றன. ஐப்பசி பிறந்ததும் வடதேசங்களிலிருந்து வலசைப் பறவைகளும் வந்து சேரும். மாசி பங்குனி வரையில் தங்கும்.

ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்காக 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் அந்தப் பட்டியலில், சுசீந்திரம்–தேரூர் குளங்களும், இம்மாவட்டத்திலேயே உள்ள வேம்பனூர்க் குளமும் 2022-ல் இடம்பெற்றன. கலப்பை பிடித்தவர்கள் சோற்றுக்காக வெட்டிய குளங்களை உலகமே காக்க வேண்டிய செல்வமாக ஒப்புக்கொண்டது சாமானிய விஷயமா?

கரையில் ஒரு பெரியவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்து, "சாரே, எங்கிருந்து வாறிய?" என்று விசாரித்தார். திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு வருகிறோம் என்றோம்.

"அங்கிண வெள்ளம் சாடும். பாக்க நல்லாத்தான் இருக்கும். இங்கிணதான் வெள்ளம் நிக்கும். நின்ன வெள்ளம்தான் சாரே சோறு" என்றார்.

"இந்தக் குளத்துக்கு இப்போது எப்படிப் பாட்டா இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாட்டை அதட்டி இழுத்துக் கட்டினார். பிறகு கரைக்கு அப்பால் கையை நீட்டினார். "அந்தா தெரியுதுல்லா, மஞ்சச் சுவரு வீடு? அது எங்க அப்பன் உழுத வயலு. அதுக்கு இங்கிட்டு தென்னை நிக்கே, அதுவும் வயலு. வயலு இல்லேன்னா மடை எதுக்கு? மடை இல்லேன்னா கொளத்தை ஆரு பாப்பா?"

பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு புத்தகத்தில் சொல்வதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நாஞ்சில் நாட்டில் நெல் வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டு மனையாகவும் மாறி, பழைய பரப்பில் பெரும் பகுதி போய்விட்டது. வயல் போனதும் குளத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமற் போகிறார். சொந்தக்காரர் இல்லாத குளத்தில் முதலில் ஆகாயத்தாமரை வருகிறது. பிறகு ஊர்ச் சாக்கடை வருகிறது. பிறகு குப்பை வருகிறது. கடைசியில் சாலையோ கட்டடமோ வந்து அமர்கிறது. இவ்வளவும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆகையால்தான் ஒருவருக்கும் கண்ணில் படுவதில்லை.

கணக்கு வாத்தியாரின் கணக்கு

நண்பர் கரையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நூறு ஏக்கர்க் குளத்தில் ஓர் அடி ஆழத்துக்கு மண் மேவிவிட்டால், அக்குளம் இழக்கும் நீர் 43,56,000 கன அடி; லிட்டரில் சொன்னால் 12 கோடிக்கு மேல். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்கு நான்கு மாதத்துத் தண்ணீர் அது. "ஒரே ஒரு குளம், ஒரே ஓர் அடி மண்!" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

அந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. குளத்தில் தங்க இடம் கிடைக்காத வெள்ளம் தெருவில் தங்குகிறது. 2017-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தை உலுக்கியது. கடலில் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. ஊர்கள் நீரில் மிதந்தன. 2021-ம் ஆண்டு நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. பெய்கிற மழையை நம்மால் குறைக்க முடியாது. அது தங்குவதற்கு நம் முன்னோர் கட்டிய வீடுகளை இடிக்காமல் இருக்க நம்மால் முடியும்.

சுசீந்திரத்தில் தெப்பக்குளத்தின் படியில் சற்று நேரம் இருந்தோம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்த ஊர் இது. பத்து வருஷத்துக்குப் பிறகு, 1936 நவம்பர் 12-ல், திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மலையிலிருந்து வந்த நீர் ஒரு காலத்திலும் இன்னார் இனியார் என்று கேட்டதில்லை. மனிதர்கள் அந்த நிலைக்கு வருவதற்குச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. குளத்தில் இறங்கும் உரிமைக்காக ஒரு தலைமுறை அடிபட்டது. அந்தக் குளத்தையே மறந்துவிடும் உரிமை அடுத்த தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது?

நீர் கடலைச் சேரும் இடம்

சுசீந்திரத்தைத் தாண்டிய பழையாறு மணக்குடிக் காயலில் முடிகிறது. ஒரு பக்கம் மேல மணக்குடி; மறுபக்கம் கீழ மணக்குடி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, இரண்டு ஊர்களையும் இணைத்திருந்த பாலத்தையே அது பெயர்த்து எறிந்தது. இப்போது புதிய பாலத்தின் மீது நின்று பார்த்தோம். உள்நாட்டுப் பக்கம் அமைதியான காயல். ஓரத்தில் அலையாத்திச் செடிகள். எதிரே மணல் திட்டு. அதற்கு அப்பால் இரைகிற கடல். மழைக் காலத்தில் ஆறு பெருகும்போது மணல் திட்டு உடைந்து பொழி திறக்கிறது. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து மூடுகிறது.

பக்கத்தில் நின்ற ஒருவர், "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போகிறதே!" என்று அங்கலாய்த்தார். இந்த வார்த்தையை நாம் எல்லா ஆற்றங்கரையிலும் கேட்கிறோம். ஆனால் இது வீண் அல்ல. ஆற்று நீர் வந்து தள்ளுவதால்தான் கடல் நீர் உள்ளே ஏறாமல் நிற்கிறது. அந்த வரத்துக் குறைந்தால் உப்பு மேலேறி, கரையோரக் கிணறுகள் கரிக்கும். நன்னீரும் உப்பு நீரும் கலக்கிற காயலில்தான் இறாலும் மீனும் குஞ்சாய் வளர்கின்றன. அவற்றை நம்பி வலைக்காரர்களின் அடுப்பு எரிகிறது. ஆறு கடலுக்குச் செலுத்தும் பங்கு அது. மேலே வழியெல்லாம் குளங்களில் தங்கி, உழைத்து, மிஞ்சி வருகிற நீர் கடலைச் சேர்வது நியாயம். குளங்கள் தூர்ந்து போனதால் தங்க இடமின்றி, சாக்கடையையும் சுமந்துகொண்டு ஒரே ஓட்டமாய் ஓடி வருகிற வெள்ளம் கடலைச் சேர்வதுதான் வீண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இனிமேல் குமரிக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சூரியோதயம் பாருங்கள், சங்கு வாங்குங்கள், அருவியில் தலை நனையக் குளியுங்கள். இன்னும் அரை நாள் மிச்சம் வைத்துக்கொண்டு, தேரூர்க் குளக்கரையில் குழந்தைகளோடு ஒரு முறை நடந்து வாருங்கள். அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. பஜ்ஜிக் கடை இல்லை. தலையில் விழ நீரும் இல்லை. நின்ற நீரும் அதன்மேல் பறவைகளும் இருக்கும். ஊர் திரும்பியபின் உங்கள் ஊர்க் குளத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அதற்கு மறுகால் எந்தப் பக்கம் இருக்கிறது, அது கடைசியாக எந்த வருஷம் நிறைந்தது என்று வயதானவர் ஒருவரைக் கேளுங்கள். பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.